மூடாத வால்வு

என் அக்காவைப் பெண் பார்க்க அவர் வந்தது தொண்ணூறுகளின் நடுவில், சைலன்சரின் உள்குழாயைப் பிடுங்கிப் போட்டிருந்த ஒரு மோட்டார் பைக்கில். கூட வந்த பெரியவர்கள் செங்கல்பட்டிலிருந்து வேனில் வந்து, காலைக் கழுவிக்கொண்டு, உள்ளே உட்கார்ந்து காப்பியும் குடித்து முடித்துவிட்டார்கள். மாப்பிள்ளை மட்டும் தனியாக, கடைசியாக வந்தார். எங்கள் ஊரான கருங்குழியின் பஸ் நிறுத்தத்தில் வரும்போதே சத்தம் கேட்டது. வாசலில் நிறுத்திய பிறகும் கைப்பிடியை நன்றாக முறுக்கிவிட்டுத்தான் அணைத்தார். எதிர்வீட்டுக் குழந்தை வீரிட்டு அழுதது. என் அப்பா சிரித்துக்கொண்டே எழுந்து போய், "வாங்க மாப்ள" என்றார். பெண்ணைப் பார்ப்பதற்கு முன்பே அவர் மாப்பிள்ளை ஆகிவிட்டார். தாயில்லாத இரண்டு பெண்களை வைத்திருந்த பள்ளிக்கூட குமாஸ்தாவுக்கு அப்படி ஒரு அவசரம்.

எனக்கு அன்றைக்கே அவரைப் பிடிக்கவில்லை. பிடிக்கச் செய்துகொள்ள நான் முயன்றதும் இல்லை. முறைப்படி மாமா என்று கூப்பிட வேண்டியவர். பெரும்பாலும் எதுவும் கூப்பிடாமலே சமாளித்து வந்தேன்.

கல்யாணத்துக்குப் பிறகு அவர் மனை வியாபாரத்தில் இறங்கினார். கிழக்குக் கடற்கரைச் சாலை அகலமாகி, சவுக்குத் தோப்புகளுக்கெல்லாம் ஆங்கிலத்தில் பெயர் வைத்துக்கொண்டிருந்த காலம். கோவளத்திலிருந்து கல்பாக்கம் வரைக்கும் வேலியும் கொடியும் நட்டு, "கடல் தெரியும் மனை" என்று விற்றார். கடல் தெரிந்தது உண்மைதான், தண்ணீர்த் தொட்டி மேல் ஏறி நின்றால். அதற்கு ஏணியையும் அவரே கொண்டுபோவார். படிப்பில்லாதவர் என்று சொல்ல முடியாது, பி.காம். முடித்தவர். ஆனால் எந்த விஷயமானாலும் அது எவ்வளவு பெரிசு, எவ்வளவு சத்தம் என்ற இரண்டு கேள்விகளுக்கு மேல் அவருக்குத் தோன்றி நான் பார்த்ததில்லை.

நான் அப்போது மாமல்லபுரத்துக்குத் தெற்கே கடலோரத்து விடுதி ஒன்றில் வரவேற்பு மேசையில் வேலை பார்த்தேன். சனி ஞாயிறுகளில் சென்னையிலிருந்து விலையுயர்ந்த வண்டிகள் கூட்டமாக வரும். வண்டிகளை நிழலில் நிறுத்திவிட்டு, அவற்றை ஓட்டி வந்த ஆண்கள் வெயிலில் நின்று பேசிக்கொண்டிருப்பார்கள். வீட்டில் அடுப்பைப் பற்றவைக்கத் தெரியாதவர்கள் இங்கே வந்து எஞ்சினைத் திறந்து வைத்துக்கொண்டு தலையாட்டுவார்கள். ஒருவர் உள்ளே உட்கார்ந்து ஆக்சிலரேட்டரை மிதிப்பார். மற்றவர்கள் பின்புறம் போய் நின்று, கச்சேரியில் முன்வரிசையில் உட்கார்ந்தவர்களைப் போலக் கண்ணை மூடிக்கொள்வார்கள்.

பக்கத்துக் குப்பத்திலிருந்து சமையலறைக்கு மீன் கொண்டுவரும் ஓர் அம்மா, கூடையை இறக்கி வைத்துவிட்டு ஒரு நாள் என்னிடம் கேட்டார்: "இன்னாத்துக்கும்மா அது இந்தக் கத்து கத்துது? பிரசவமா?"

"இல்லம்மா. சும்மாதான் கத்த வுடறாங்க."

"சும்மாவா?" என்றார். நான் பொய் சொல்கிறேன் என்று நினைத்த மாதிரி என்னைப் பார்த்துவிட்டுப் போனார்.

அந்தக் கூட்டத்தில் ஓர் ஆளாக வேண்டும் என்பதுதான் அக்கா வீட்டுக்காரரின் வாழ்நாள் ஆசையாக இருந்திருக்கிறது. கையில் பணம் புரண்டதும், சென்னையில் ஒரு கட்டடக்காரரிடமிருந்து பழைய வெளிநாட்டு ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கிவந்தார். இரண்டே கதவு, மஞ்சள் நிறம். அக்காவுக்கும் அவருக்கும் ஒரு பையன் இருந்தான். மூன்று பேர் உள்ள குடும்பத்துக்கு இரண்டு இருக்கை உள்ள வண்டி. யாரும் அதைக் கேட்கவில்லை.

வாங்கிய முதல் நாளே அவருக்குப் பெரிய ஏமாற்றம். செங்கல்பட்டில் அவர்கள் தெருவில் வண்டியைக் கிளப்பியபோது அது சாதாரணக் காரைப் போல முனகிவிட்டு நகர்ந்தது. தெருவில் ஒருவரும் வெளியே வந்து பார்க்கவில்லை. வண்டியை ஏமாற்றி விற்றுவிட்டதாக நினைத்து, விற்றவரிடம் போனில் சண்டை போட்டார். அவர் பொறுமையாக விளக்கினாராம். அந்த வண்டியின் சைலன்சருக்குள் வால்வு இருக்கிறது, அதாவது குழாயை அடைக்கும் சின்னத் தகடு. மெதுவாகப் போகும்போது அது மூடிக்கொள்ளும். புகை சுற்றுவழியில் போய் அடங்கி வெளியேறும். நெடுஞ்சாலையில் அழுத்தி மிதித்தால் தகடு தானே திறந்துகொள்ளும். அப்போது முழுச் சத்தமும் வரும். இதை அவரே பிறகு எங்களிடம் சொன்னார், அநியாயம் ஒன்றைக் கண்டுபிடித்தவர் போல.

"ரோட்ல ஆளில்லாத எடத்துல கத்துது. ஆளு இருக்கற எடத்துல வாய மூடிக்கிது. இதுக்கா இவ்ளோ டப்பு குடுத்து வாங்கினேன்?"

வண்டியைச் செய்தவன் அதற்குக் கொஞ்சம் இங்கிதம் வைத்து அனுப்பியிருக்கிறான் என்று நான் நினைத்தேன். அதைத்தான் அவர் பிடுங்கப் போனார்.

மாமல்லபுரம் சாலையில் ஒரு பட்டறை இருந்தது. அதன் உரிமையாளர் தன்னை மெக்கானிக் என்று சொல்லிக்கொள்ள மாட்டார், 'டியூனர்' என்பார். அதுவரை புல்லட் பைக்குகளின் சைலன்சரில் ஓட்டை போட்டுக்கொண்டிருந்தவர். இந்த வண்டியைக் கண்டதும் அவருக்கு ஜென்மம் சாபல்யமானது போல் ஆகிவிட்டது. அந்தத் தகட்டை மூடிப் பிடிப்பது எஞ்சினிலிருந்து வரும் மெல்லிய ரப்பர் குழாயின் உறிஞ்சும் இழுப்பு. குழாயைக் கழற்றி, அதன் வாயில் ஒரு திருகாணியைச் செருகிவிட்டால் இழுப்பு நின்றுபோகும், தகடு எப்போதும் திறந்தே கிடக்கும். வேலை அவ்வளவுதான். ஆனால் அந்த டியூனர் குழாயைக் கழற்றுவதற்குப் பதிலாக, அதை மாட்டும் முனையையே உடைத்து எடுத்துவிட்டார். கேட்டதற்கு, "இன்மே மூடணும்னு நெனச்சாலும் மூடாது அண்ணாத்த. கேரண்டி" என்றாராம். இதைப் பெருமையாகவே எங்களிடம் சொன்னார் அக்கா வீட்டுக்காரர்.

மறுநாள் என் விடுதிக்கே கொண்டுவந்தார். வரவேற்பு மேசையின் கண்ணாடிக் கதவு அதிர்ந்தது. வெளியே போனேன்.

"இன்னா மச்சினிச்சி, சவுண்டு எப்டி கீது?"

"நல்லா இருக்குது."

"இந்தியாவுலயே வேற எந்த வண்டிக்கும் இந்த சவுண்டு கெடயாது. மத்ததெல்லாம் நின்னா ஊமையாயிடும். இது நின்னாலும் பேசும்."

விடுதி மேலாளர் எனக்குப் பின்னால் வந்து நின்று, விருந்தாளிகள் புகார் சொல்வதாக மெதுவாகச் சொன்னார். அது என் அக்கா வீட்டுக்காரர் என்று நான் அவரிடம் சொல்லவில்லை.

அந்த வருடம்தான் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. இடது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சு குழறினாலும் புரியும்படி இருந்தது. பகலில் பார்த்துக்கொள்ள ஓர் ஆளை வைத்திருந்தேன். விடுதியில் எனக்கு ஓய்வில்லாத சனி ஞாயிறுகளில் அக்கா வந்து இருப்பாள். அவளை அழைத்துப் போக ஞாயிறு மாலை அவர் வருவார்.

எங்கள் வீடு, சென்னையிலிருந்து திண்டிவனம் போகும் ஜி.எஸ்.டி. சாலைக்கு ஒரு தெரு உள்ளே. நாள் முழுக்க விட்டத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்த அப்பாவுக்குச் சாலையின் சத்தம்தான் பொழுதுபோக்கு. மாப்பிள்ளையின் வண்டி வருவது எங்களுக்கெல்லாம் முன்னால் அவருக்குத் தெரிந்துவிடும். "மாப்ள வந்துகினு கீறாரு. சட்டைய எடு" என்பார். வீட்டு மாப்பிள்ளை முன்னால் சட்டையில்லாமல் இருக்கக் கூடாது என்பது அவர் முறை. பக்கவாதக்காரருக்குச் சட்டை போடுவது லேசான வேலை இல்லை. வராத கையை முதலில் நுழைத்து, உடம்பைப் புரட்டி, முதுகுக்கடியில் துணியை இழுத்து, பிறகு நல்ல கையைக் கொண்டுவர வேண்டும். மூச்சு வாங்கும் அவருக்கு. பொத்தான் போட்டு, தலையணை வைத்து உட்கார்த்தி முடிப்பதற்கும் வண்டி வாசலில் வந்து உறுமுவதற்கும் சரியாக இருக்கும். மாப்பிள்ளை கதவருகே நின்றபடியே "எப்டி கீறீங்க மாமா?" என்பார். "நல்லா கீறேன்" என்பார் அப்பா. அவ்வளவுதான் சந்திப்பு. உள்ளே வந்து அவர் உட்கார்ந்ததில்லை.

அப்பா அந்தச் சத்தத்தை ஒரு தடவையும் குறை சொன்னதில்லை. அதற்காகக் காத்திருந்தார் என்றே எனக்குத் தோன்றியது. அதுவே எனக்கு ஆத்திரமாக இருந்தது.

மழைக்காலத்தில் அப்பாவுக்கு நெஞ்சில் சளி கட்டி, செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். கொஞ்சம் தேறியதும் வீட்டுக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். பார்க்க வேண்டியவர்கள் வந்து பார்த்துவிடட்டும் என்று டாக்டர் அக்காவைத் தனியாக அழைத்துச் சொன்னார். அக்கா அன்றே வீட்டுக்காரருக்குப் போன் செய்தாள். ஹைதராபாத்துக்குப் புறப்பட்டுக்கொண்டிருப்பதாகவும், அங்கே ஒரு பெரிய பார்ட்டியோடு பேச்சுவார்த்தை இருப்பதாகவும், திங்கள்கிழமைக்கு முன்னால் வர முடியாது என்றும் சொன்னார்.

அந்த ஞாயிறு நான் விடுப்பு போட்டுவிட்டு வீட்டில் இருந்தேன். காலையில் அக்கா அப்பாவுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். சாலையில் வண்டிகளின் கூட்டமான இரைச்சல் கேட்டது. சென்னைக்காரர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் திண்டிவனம் வரைக்கும் போய் இட்லி தின்றுவிட்டு வருவதை ஒரு பயணமாக வைத்திருந்தார்கள். விடுதியில் அவர்கள் பேசிக் கேட்டிருக்கிறேன்.

எங்கள் ஊர் விலக்கில் போலீஸ் தடுப்பு வைத்திருப்பார்கள். அங்கே எல்லா வண்டியும் வேகம் குறைத்தாக வேண்டும். அன்றும் குறைத்தன. குறைத்ததும் ஒவ்வொன்றாக வாயை மூடிக்கொண்டன. தகடுகள் மூடிக்கொள்கின்றன என்று எனக்குத் தெரியும். ஒரே ஒரு வண்டி மட்டும் மூடவில்லை. கடகடவென்று எச்சில் துப்புவது போல அந்தச் சத்தம், நின்றாலும் பேசும் சத்தம், தனியாகக் கேட்டது.

அக்காவின் கையில் கரண்டி நின்றது.

"மாப்ள வந்துட்டாரு" என்றார் அப்பா. "சட்டைய எடு."

அக்கா என்னைப் பார்த்தாள். நான் சட்டையை எடுத்து வந்தேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. இரண்டு பேருமாகப் போட்டுவிட்டோம். இருமல் வந்து நடுவில் நிறுத்த வேண்டியிருந்தது. பொத்தான் போடுவதற்குள் அந்தச் சத்தம் தடுப்பைத் தாண்டி, ஓங்கி எழும்பி, மதுராந்தகம் பக்கமாகத் தேய்ந்துபோனது.

"திரும்பற எடத்த வுட்டுட்டாரு" என்றார் அப்பா. "முன்னால போய்த் திரும்பி வருவாரு."

அக்கா போனை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனாள். நானும் பின்னாலேயே போனேன். ரொம்ப நேரம் மணி அடித்த பிறகுதான் எடுத்தார்.

"எங்க கீறீங்க?"

அவர் சொன்னது எனக்குக் கேட்கவில்லை. அக்கா, "சரி. மீட்டிங் முடிச்சிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

அப்பா சட்டையைக் கழற்ற விடவில்லை. புழுக்கமாக இருந்தது, சட்டை முதுகில் ஒட்டியது. கழற்றிவிடலாம் என்று நான் சொன்னபோது, "வர்ற நேரத்துல இல்லாம போயிடும்" என்றார். மதியம் போல வண்டிகள் திரும்பின. அந்தத் தடுப்பில் மறுபடியும் எல்லாம் அடங்கி, அது ஒன்று மட்டும் பேசியது. எதிர்ப்பக்கச் சாலையில், செங்கல்பட்டை நோக்கி. அப்பா கண்ணைத் திறந்து கதவைப் பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்து, நல்ல கையால் தானே மேல் பொத்தானைக் கழற்றப் பார்த்தார். அக்கா வந்து கழற்றிவிட்டாள்.

திங்கள்கிழமை மாலை மாப்பிள்ளை வந்தார். சாலையிலேயே சத்தம் கேட்டது. அப்பா சட்டை கேட்கவில்லை. கொடியிலிருந்து நானே எடுத்தபோது, வேண்டாம் என்று கையை அசைத்தார். போர்வையை மார்பு வரைக்கும் இழுத்துக்கொண்டு படுத்திருந்தார்.

மாப்பிள்ளை கையில் ஹைதராபாத் பிஸ்கட் டப்பா இருந்தது. எல்லா ஊரிலும் கிடைக்கிற டப்பா அது. "எப்டி கீறீங்க மாமா?" என்று கதவருகே நின்றார்.

"நல்லா கீறேன்" என்றார் அப்பா. பிறகு, வழக்கமில்லாத வழக்கமாக, மேலே பேசினார். "ஹைதராபாத்ல வெயிலு எப்டி?"

"செம வெயிலு மாமா. வெளிய தல காட்ட முடில."

"மழ இல்லியா?"

"ஒரு சொட்டு இல்ல."

"போன வேல முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது மாமா. நல்லபடியா முடிஞ்சுது."

அப்பா தலையை அசைத்தார். மாப்பிள்ளை மனம் வருத்தப்படக் கூடாது என்று கேட்டாரா, இன்னும் எவ்வளவு தூரம் போவான் பார்க்கலாம் என்று கேட்டாரா, எனக்கு இன்றுவரை தெரியாது. நான் இரண்டாவது என்றே நினைத்துக்கொள்ள விரும்புகிறேன். அக்கா முதலாவது என்கிறாள்.

வாசலில், அவர் வண்டியின் கதவைத் திறந்தபோது அக்கா கேட்டாள்.

"நேத்து இந்தப் பக்கம் ரெண்டு வாட்டி போனீங்க."

"நானா? ஹைதராபாத்ல இருந்தேன்னு சொன்னேனே."

"சத்தம் கேட்டுது."

"அதே மாதிரி நாலு வண்டி கீது மெட்ராஸ்ல."

"தடுப்பாண்ட நாலும் வாய மூடிச்சு. ஒண்ணு மூடல."

அவர் என்னைப் பார்த்தார். நான் உதவி செய்வேன் என்று எப்படி நினைத்தாரோ. பிறகு வண்டிக் கூரையின் மேல் இருந்த தூசியை விரலால் துடைத்துக்கொண்டே சொன்னார்: "பசங்க எல்லாம் கெளம்பிட்டானுங்க. நா ஒருத்தன் மட்டும் வரலன்னா நல்லா இருக்குமா? அதுவுமில்லாம இந்த மருந்து நாத்தம், இருமலு... எனக்கு ஆவாது. பாத்தா ரெண்டு நாளு சோறு எறங்க மாட்டேங்குது. இன்னா பண்ண சொல்ற?"

அது உண்மையாகவே இருக்கலாம். பயந்த மனிதர்தான் அவர். ஆனால் அப்பா இருமிக்கொண்டிருந்த வீட்டின் பக்கத்தில் போகும்போதும் வரும்போதும் முரசடித்துக்கொண்டு போனவருக்கு, வாசனை ஆகாது என்பது ஒரு சமாதானமா என்று எனக்குத் தோன்றியது. அன்று அக்கா அவரோடு போகவில்லை. பையனை அழைத்துக்கொண்டு வந்து எங்களோடு இருந்துவிட்டாள்.

பொங்கல் கழிந்து அப்பா இறந்தார். காலை நேரம். கடைசி வாரத்தில் பேச்சு சுத்தமாக நின்றிருந்தது. உறவுகள் வந்து சேர்ந்து, குளிப்பாட்டி, எடுக்கத் தயாராக இருந்த நேரத்தில் சாலையில் அந்தச் சத்தம் கேட்டது. தெருவுக்குள் திரும்பி, வீடுகளின் சுவரில் மோதிப் பெரிதாகி வந்தது. ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த பெண்கள் நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். மேளக்காரர்கள் அடி தப்பி நின்றார்கள்.

அக்கா தலை நிமிராமல் என்னிடம் சொன்னாள்: "அத நிறுத்தச் சொல்லு."

போனேன். வண்டி பந்தலை ஒட்டி, தெருவை அடைத்துக்கொண்டு நின்றது. உள்ளே வெள்ளைச் சட்டையும் கறுப்புக் கண்ணாடியுமாக அவர்.

"மாமா, அணைங்க."

அணைத்தார். இறங்கப் போனார்.

"இங்க நிறுத்தினா எப்டி? எடுக்கணும். வண்டிய ரோட்டுக்குத் தள்ளி வைங்க."

சாவியில் கை வைத்தார்.

"ஸ்டார்ட் பண்ணாதீங்க. அக்கா சொல்லிச்சு."

"ஸ்டார்ட் பண்ணாம எப்டி எடுக்கறது? மெதுவா எடுத்தாலும் இப்டித்தான் கீது. மூடற மாதிரி இல்ல அது. அவன் ஒடச்சிட்டான்னு ஒனக்குத் தெரியாதா?"

முதல் தடவையாக அவர் குரலில் கெஞ்சல் இருந்தது. எனக்கு இரக்கம் வரவில்லை. மேளக்காரர்களில் பெரியவர் குச்சியை இடுப்பில் செருகிக்கொண்டு வந்தார். "பேஜாரு வேணாம். நியூட்ரல்ல போடு அண்ணாத்த, தள்ளிக்கலாம்" என்றார். தெரு ஆண்களும் மேளக்காரர்களுமாகப் பின்னால் கை வைத்தார்கள். எஞ்சின் ஓடாதபோது ஸ்டியரிங் கல்லாக இருக்குமாம். அவர் அதை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துத் திருப்பினார். தெருமுனை வரைக்கும் டயர் மண்ணில் உருளும் சத்தம் மட்டும் கேட்டது. சாவு வீட்டுக்கு வந்தவர்கள் இரண்டு பக்கமும் ஒதுங்கி நின்று பார்த்தார்கள். எல்லோரும் தன்னைப் பார்க்க வேண்டும் என்றுதான் வாழ்நாளெல்லாம் ஆசைப்பட்டார். அன்று பார்த்தார்கள். அவர் யாரையும் பார்க்கவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் அக்கா செங்கல்பட்டுக்குத் திரும்பிப் போனாள். பையனுக்குப் பரீட்சை, அது இது என்றாள். போகாதே என்று நான் சொன்னேன். கேட்கவில்லை. அவள் போனது எனக்கு இன்றும் கசப்புத்தான்.

மனை வியாபாரம் படுத்த வருடத்தில் காரை விற்றார்கள். வாங்க வந்தவர் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, இந்தச் சத்தத்தைக் குறைக்க வழி உண்டா என்றுதான் முதலில் கேட்டாராம். ரசனை கெட்ட ஆள் என்று அக்கா வீட்டுக்காரர் வெகுநாள் சொல்லிக்கொண்டிருந்தார். இப்போது ஒரு வெள்ளைக் காரில் போகிறார். வருவதும் தெரியாது, போவதும் தெரியாது.

எப்போதாவது சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அவர் அக்காவிடம் கேட்பாராம்: "ஒங்கப்பா கடசியா என்னப் பத்தி எதுனா சொன்னாரா?"

"சொன்னாரு" என்பாளாம் அக்கா.

"இன்னா சொன்னாரு?"

அதற்கு மேல் அவள் சொல்வதில்லை. குழம்பை நகர்த்தி வைத்துவிட்டு எழுந்துவிடுவாளாம். அப்பா எதுவும் சொல்லவில்லை என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.